இல்லாத கிளட்ச் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உங்கள் அத்தையும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும் என் மகளின் சுகத்துக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். எங்கள் கொட்டகையில் நீங்கள் விட்டுப்போன பெரிய ஸ்கூட்டரும் சுகம் என்று ஒரு வரி எழுதி, ஒட்டித் தபாலில் போட்டுவிடத்தான் ஆசை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் உங்கள் அத்தை எதிரிலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிங்க மாமா, சரிங்க மாமா, இருங்க அவகிட்ட குடுக்கறேன்" என்று என் மகளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவள் உடனே "அப்பா, வண்டியைத் தொட்டீங்களா?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. என் விண்ணப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருபதாம் தேதி வண்டி பார்க்க ஒருவர் வருகிறாராம், பிடித்திருந்தால் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவாராம். தயவுசெய்து அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எனக்காக அந்த வண்டி இங்கேயே இருக்கட்டும். ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். நடுவில் சில சம்பவங்கள் வரும், பதறாமல் படிக்கவும். ஒருவருக்கும் அடிபடவில்லை.

முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளட்ச் மிதிப்பீர்கள் என்று எலும்பு டாக்டர் கேட்டார். "பொழுது விடிஞ்சு பொழுது போனா மிதிதான் டாக்டர்" என்றேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "வலது முட்டி உங்களோடது. இடது முட்டி அந்தக் கிளட்சோடது. அதை அதுக்கே குடுத்துட்டு நாம வேற வச்சுக்கலாம்" என்றார். வைத்தார். நான்கு மாதம் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவில் போகிற பஸ்களை எண்ணினேன். கடைசியில் டாக்டர் என்னை நடக்கவிட்டு, குனியவிட்டு, "எல்லாம் பண்ணலாம், ஆனா கிளட்சை மிதிச்சு ஓட்டற எதையும் தொடக் கூடாது, கால்ல கியர் மாத்தற வண்டியும் கூடாது" என்று சொல்லிவிட்டார். மீன் பிடிக்கிறவனிடம் தண்ணீர்ப் பக்கமே போகாதே என்று சொன்னால் எப்படியிருக்கும்? அப்போதுதான் கொட்டகையில் போர்வை மூடி நிற்கிற உங்கள் ஸ்கூட்டர் ஞாபகத்துக்கு வந்தது. "கியரும் இல்ல, கிளட்சும் இல்ல, எல்லாம் தானாவே நடக்கும்னு மாப்பிள்ளை சொன்னாரே, அதை ஓட்டலாமா?" என்று கேட்டேன். "அதுல இடது காலுக்கு வேலையே கிடையாதே, தாராளமா ஓட்டுங்க" என்றார் டாக்டர். ஆகவே இதில் முதல் பொறுப்பு டாக்டருடையது என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

நீங்கள் சொல்லிவிட்டுப் போனது, "வாரம் ஒரு தடவை சென்டர் ஸ்டாண்டுல வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க மாமா, அது போதும்." நான் அதைத்தான் செய்தேன். பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகவில்லை. கைப்பிடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தால், இடது பக்கப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நீங்களே நியாயம் சொல்லுங்கள். இடது கையால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய் என்றால், அதை உலகத்தில் எந்த ஓட்டுநர் பிரேக் என்று நினைப்பான்? கிளட்ச் இல்லை இல்லை என்று சொல்கிறார்களே, இதோ இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இஞ்சின் ஓடியது, பின்சக்கரம் அசையாமல் நின்றது. பிடியை விட்டேன், அப்போதும் நின்றது. அப்படியானால் நியூட்ரலில் இருக்கிறது என்று முடிவு செய்து, கியர் எங்கே என்று குனிந்து தேடிக்கொண்டே, வலது கையால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். அவ்வளவுதான், சும்மா நின்ற சக்கரத்துக்குத் திடீரென்று ரோஷம் வந்து சுற்றியது பாருங்கள், வண்டி ஸ்டாண்டிலிருந்து குதித்துக் கொட்டகையைத் தாண்டி, கொடியில் காய்ந்த இரண்டு போர்வைகளைப் போர்த்திக்கொண்டு, தண்ணீர் டிரம்மில் முட்டி நின்றது. முன்பக்கம் இருக்கும் கீறல் அதுதான். இரண்டாவது கீறலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் போக வேண்டும் என்பதால் வண்டியை வெளியே எடுத்தேன். உங்கள் அத்தை பின்னால் உட்கார்ந்தாள். நான் முறைப்படி இடது பிடியை அமுக்கினேன், ஆக்சிலேட்டர் கொடுத்தேன், பிறகு பிடியை மெல்ல மெல்ல, பூவைத் தொடுகிற மாதிரி விட்டேன். வண்டி ஒரு உறுமு உறுமி, சற்று யோசித்து, பிறகு கிளம்பியது. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் அத்தை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னங்க, உங்க ரெண்டு கையும் எதுக்கு ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுது?" என்று கேட்டாள். "முப்பத்தோரு வருஷம் ஓட்டினவனுக்குப் பாடம் எடுக்காதே, பேசாம உக்காரு" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பிறகு அனுபவித்தது எனக்குத்தான் தெரியும்.

நான்கு வாரம் இப்படியே போனது. கிளம்பும்போது ஒரு தடவை, தெருமுனையில் ஒரு தடவை, ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு தடவை. காலையில் சரியாக ஒன்பதரைக்கு எங்கள் தெருவில் ஒரு கருகல் நாற்றம் வர ஆரம்பித்தது. நான் வண்டி எடுத்துப் போன பிறகு ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் அடுப்பங்கரைக்கு ஓடுவார்களாம். எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டுச் சமையல்காரியை இதற்காகவே இரண்டு தடவை திட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் மின்வாரியத்துக்குப் புகார் கொடுத்து, அவர்கள் வந்து கம்பமேறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து நின்று "ஒயர் ஏதோ எரியுது சார், கவனமா பாருங்க" என்று சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிசியோதெரபி நிலையம் ஒரு மேட்டில் இருக்கிறது. மேடு என்றால் எனக்கு ஒரு கர்வம் உண்டு, மாப்பிள்ளை. அறுபது பேரோடு பஸ்ஸை மேட்டில் நிறுத்தி, பிரேக்கைத் தொடாமல், கிளட்சைப் பாதி மிதித்த ஹாஃப் கிளட்சிலேயே ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் பிடித்து வைப்பேன். டிப்போவில் புதிதாகச் சேருகிறவர்களை என் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள். உங்கள் வண்டியிலும் அதையே செய்தேன். மேட்டில் வரிசை நின்றால் பிரேக் பிடிப்பதில்லை. ஆக்சிலேட்டரை அளவாகத் திருகி, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நிறுத்திவைப்பேன். உங்கள் அத்தை அப்போதெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். முன்னால் நிற்கிற லாரிப் புகைக்காக என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த மேட்டில் வண்டியை முகம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்திவிட்டு, இஞ்சினை அணைத்து, சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இறங்கினேன். சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டு அணைத்துவிட வேண்டும், இஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது பஸ்காரனின் ஆத்திசூடி. இதில் கியர் தானாக விழும் என்றால் தானாகவே விழுந்திருக்கும் என்று நம்பினேன். நான் நாலு அடி நடப்பதற்குள் வண்டி முன்னால் நகர்ந்தது, ஸ்டாண்டு மடங்கியது, அப்புறம் அது யாருக்கும் காத்திருக்கவில்லை. மேட்டின் அடியில் ஒரு முடிதிருத்தும் கடை இருக்கிறது. கதவு திறந்திருந்தது. வண்டி உள்ளே போய் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டாவது கீறல் கதவு நிலையில் பட்டது. கடைக்காரர் கத்தியைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்து, "சார், முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க. அதை வெளிய உக்காரச் சொல்லுங்க" என்றார்.

நல்ல மனிதர், வெளியே இழுத்து விட்டார். பட்ட காலிலே படும் என்பார்களே, அந்தப் படபடப்பில் வண்டி ஓடுகிறதா என்று சாவி போட்டுப் பார்த்தவன் அப்படியே சாவியைத் திருப்பாமல் மேடேறி பிசியோதெரபிக்குப் போய் ஒரு மணி நேரம் காலை நீட்டி மடக்கிவிட்டு வந்தேன். விளக்கு எரிந்துகொண்டேயிருந்து, ஏற்கெனவே சோர்ந்திருந்த பேட்டரி உயிரை விட்டிருந்தது. பேட்டரி போனால் என்ன? தள்ளு ஸ்டார்ட்! கடைக்காரர், அவருடைய வாடிக்கையாளர்கள், அதில் ஒருவர் பாதி முகச் சவர நுரையோடு, பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று எட்டுப் பேர் சேர்ந்தார்கள். உங்கள் அத்தை பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். "ரெண்டாவது கியர்ல போட்டு விடுங்க சார்!" என்று நுரைக்காரர் கத்தினார். "கியர் இல்லீங்க!" "அப்ப கிளட்சை விடுங்க சார்!" "விட்டுட்டேன்!" வண்டி வழவழவென்று ஓடியதே தவிர இஞ்சினிலிருந்து ஒரு தும்மல்கூட வரவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் பிடித்துவிடும், இதோ பிடித்துவிடும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர்கள் தள்ளத் தள்ள, இரண்டு தெரு தாண்டி மெக்கானிக் கடை வாசலுக்கே வந்துவிட்டோம்.

அந்த மெக்கானிக்கை எல்லோரும் "பாக்கலாம்" என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருகிற முதல் பதில் அதுதான். எட்டுப் பேர் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்தார். "எவ்ளோ தூரம் தள்ளினீங்க?" என்றார். சொன்னேன். கீழே உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்ததும் இடது பக்க மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார். மாப்பிள்ளை, கிளட்ச் இல்லை என்று நீங்கள் சொன்னது தவறு. இருக்கிறது. நமக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டு அதுவே வேலை செய்கிறது.

"பாருங்க சார், இது கிண்ணம். சக்கரத்தோட சேந்தது. இதுக்குள்ள மூணு ஷூ இருக்கு, பிரேக் ஷூ மாதிரியே. இது இஞ்சின் பெல்ட்டோட சேந்தது. இஞ்சின் மெதுவா சுத்தறப்ப ஸ்பிரிங் இந்த மூணையும் உள்ளயே இழுத்துப் பிடிச்சிருக்கும், கிண்ணத்தைத் தொடாது. அதான் வண்டி நிக்குது. நீங்க திருகினா இது வேகமா சுத்தும். சுத்தற வேகத்துல ஷூ வெளிய விரியும், கிண்ணத்தைக் கவ்வும். கவ்வினா வண்டி போகும். சின்ன ஸ்கூட்டர்ல லேசா திருகினாலே கவ்விடும். இது பெரிய வண்டி, ஆளையும் சேத்து இழுக்கற பாரம் ஜாஸ்தி. அதனால ஸ்பிரிங்கைக் கெட்டியா வச்சிருக்கான், இஞ்சின் நல்லா பலத்துக்கு வந்தப்பறம்தான் கவ்வ விடுவான்."

"அப்ப தள்ளினா ஏன் பிடிக்கல?"

"நீங்க தள்ளினா சக்கரம் சுத்தும், கிண்ணம் சுத்தும். ஷூ உள்ள சுருண்டு தூங்குது. அது விரியணும்னா இஞ்சின் சுத்தணும். இஞ்சின் சுத்தணும்னா அது விரியணும். எட்டு பேர் என்ன, எண்பது பேர் தள்ளினாலும் இந்தப் பக்கத்து சேதி அந்தப் பக்கம் போகாது."

நுரைக்காரர் திரும்பி நடந்தார். அவர் முகத்தில் நுரை காய்ந்தே போயிருந்தது. பாக்கலாம் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அது நீலம் பாரித்திருந்தது. ஷூ மூன்றும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தன, அப்படி இருக்கக் கூடாதாம். "இது சூட்டுல ஆனது. யாரோ பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே திருகியிருக்காங்க. சார், மேட்டுல நிக்கறப்ப நீங்க பிரேக் பிடிப்பீங்களா, ஆக்சிலேட்டர்ல நிறுத்துவீங்களா?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, அறுபது பேர், ஒரு அங்குலம்கூட நகராது என்று என் கதையைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். "அதான் சார்" என்றார். உங்கள் அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்கூட வண்டிலதான் கோளாறுன்னு நெனச்சேன்" என்று நான் சொன்னதற்கு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். அன்று மாலையே என் மகளுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டாள். அதன் விளைவுதான் இந்த இருபதாம் தேதி.

இப்போது ஷூவும் கிண்ணமும் பேட்டரியும் புதிது. நானும் புதிது. இடது பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன், இது பிரேக், இது பிரேக் என்று ஞாபகம் வருவதற்காக. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என்னுடையது டிப்போ பழக்கம், அதைவிடக் கெட்டி. ஆனாலும் பதினொரு நாளாகத் தெருவில் கருகல் நாற்றம் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் சமையல்காரியோடு சமாதானமாகிவிட்டாள். வண்டி மெதுவானால் அந்த ஷூ கையை விட்டுவிடும், அப்போது பிரேக்கை நம்ப வேண்டும் என்பதும் இப்போது எனக்குத் தெரியும்.

உள்ளதைச் சொல்கிறேன், மாப்பிள்ளை. அந்த நான்கு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, தெருமுனையில் பஸ் திரும்பும் ஒவ்வொரு தடவையும் என் இடது கால் தானாகவே தரையை மிதிக்கும். வலிக்கும், ஆனாலும் மிதிக்கும். எனக்கு அழுகை வந்தது. ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. இனி இந்தக் காலோடு நான் ஓட்டக்கூடிய வண்டி உலகத்தில் இது ஒன்றுதான். இந்த வீட்டில் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் நான் ஒருவன்தான். அதனால்தான் கேட்கிறேன், எனக்காக விற்காதீர்கள். உங்களிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

வேலைக்கு நேரத்தோடு சாப்பிட்டுப் போகவும். என் மகள் கோபத்தில் சொல்வதைப் பாதியாகவும், சிரித்துக்கொண்டு சொல்வதை முழுதாகவும் எடுத்துக்கொள்ளவும். நான் முப்பத்தாறு வருடம் அவள் அம்மாவிடம் அப்படித்தான் பிழைத்தேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்.

பின்குறிப்பு: மேலே உள்ள கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினோம். உங்கள் அத்தை பின்னால். சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அந்த ஹாரனைக் கேட்டதும் என்ன ஆனதென்று தெரியவில்லை, சிவப்புத் துணியையும் சேர்த்து இடது கை இறுக்கிப் பிடிக்க, வலது கை திருக, அந்தப் பழைய நாற்றம் வந்தது. உங்கள் அத்தை தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்துக்குப் போகச் சொன்னாள். போனதும் "இறங்குங்க" என்றாள். இறங்கினேன். அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

அவள் ஆயுசில் சைக்கிள் தவிர எதையும் ஓட்டியதில்லை, மாப்பிள்ளை. கிளட்ச் என்ற ஒன்று இருக்கிறது என்பதை மெக்கானிக் கடையில்தான் முதல்முதலாகப் பார்த்தாள். மெல்லத் திருகினாள், போனது. இடது பிடியைப் பிடித்தாள், நின்றது. திரும்பிப் பார்த்து, "அவ்ளோதானா? இதுக்கா முப்பத்தோரு வருஷம் அலட்டினீங்க?" என்றாள். மூன்று சுற்று ஓட்டிக் காட்டினாள். மறக்க அவளிடம் எதுவும் இல்லை, அதுதான் விஷயம். மகளுக்குப் போன் போட்டது என்னைக் காட்டிக்கொடுக்க இல்லையாம். "வண்டியை எனக்குக் குடுத்துடச் சொல்லு" என்று கேட்கத்தானாம். மகள்தான் பாதியிலேயே பயந்து விற்கச் சொல்லிவிட்டாள்.

ஆகவே, மேலே "எனக்காக" என்று எழுதிய இடத்திலெல்லாம் அடித்துவிட்டு "அத்தைக்காக" என்று எழுதிக்கொள்ளவும். "நான் ஒருவன்தான்" என்பதையும் அடித்துவிடவும். இருபதாம் தேதி ஆளை வரவேண்டாம் என்று சொல்வது மட்டும் அப்படியே இருக்கட்டும். லைசென்ஸுக்கு நாளைக்கே விண்ணப்பிக்கிறாள். சிவப்புத் துணியை அவிழ்த்து என் பையில் போட்டுவிட்டாள்.

நான்காவது சுற்றுக்கு என்னைப் பின்னால் ஏறச் சொன்னாள். முப்பத்தோரு வருடம் என் முதுகைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ பேர் பயணம் செய்திருக்கிறார்கள். இன்றைக்குத்தான் நான் ஒரு ஓட்டுநரின் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன். மைதானத்தின் கோடியில் ஒரு சின்ன மேடு. அதில் வண்டியை நிறுத்தினாள். என் இடது கால் தானாகவே கீழே மிதித்தது.

"பின்னாடி என்ன மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"கிளட்சு."

"சரி, மிதிங்க. இப்ப அது யாரையும் ஒண்ணும் பண்ணாது."

மிதித்துக்கொண்டுதான் இருந்தேன், மாப்பிள்ளை. வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை.